பிரஷ்லெஸ் மோட்டாரில் கையடக்க ரோட்டரி டூல்: கேள்வி பதில்

கேள்வி: மாடல் விமான மோட்டாரை வைத்து சின்ன கிரைண்டர் செய்யலாமா? எத்தனை கேவி வாங்கலாம் சார்?

செய்யலாம். கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை. லோடு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான். 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 12.6 வோல்ட். 2200 கேவி மோட்டார் அதில் சுமார் 27,700 ஆர்பிஎம் ஓடும். ஆனால் கேவி ஏற ஏற ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் (சுழற்றும் விசை) குறையும். வெட்டுவது, தேய்ப்பது எல்லாம் கலந்து வரும் என்றால் 1400 கேவி எடுங்கள். முதலில் டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் டிஸ்க்கைப் பிய்க்கும் விசை நான்கு மடங்கு.

கேள்வி: பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் ஓடுமா?

ஓடாது. மோட்டாரின் மூன்று வயருக்கும் மாற்றி மாற்றி மின்சாரம் தரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இஎஸ்சி வேண்டும். அதற்கு சிக்னல் தர, குமிழ் திருப்பி வேகம் மாற்றும் ஒரு சர்வோ டெஸ்டர் போதும்.

கேள்வி: எதிர்ப்பக்கம் சுற்றுகிறதே?

மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள். திசை தவறாக ஓட்டினால் டிஸ்க் மாட்டிய ஸ்க்ரூ கழன்றுவிடும்.

கேள்வி: மோட்டார் ஷாஃப்ட்டிலேயே மினி சக் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் போதாதா? வேலை சுலபம்.

இதை மட்டும் செய்யாதீர்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அச்சின் நீளவாக்கில்தான் இழுக்கும். நீங்கள் தேய்க்கும்போது பக்கவாட்டில் அழுத்துகிறீர்கள். பிட்டின் நுனி பேரிங்கிலிருந்து எத்தனை தூரம் தள்ளி நிற்கிறதோ, அத்தனைக்கு நெம்புகோல் போல விசை பெருகும். ஒற்றை கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) சக் ஷாஃப்ட்டை ஒருபுறமாகத் தள்ளிப் பிடிப்பதால் ஆட்டமும் சேரும். பிட்டைச் சுற்றிலும் சமமாக இறுக்கும், 8 மிமீ தண்டுள்ள இஆர்11 காலெட்டை இரண்டு 688 பேரிங்கில் உட்கார வையுங்கள்; இதுதான் ஸ்பிண்டில். பேரிங்கின் வெளி விட்டம் 16 மிமீதான், கைக்கு அடங்கும். மோட்டார் சுற்றட்டும், அழுத்தத்தை ஸ்பிண்டில் தாங்கட்டும்.

அதே நண்பர்: நான் நேரடியாக மாட்டி ஒரு வருஷம் ஆச்சு. ஒன்றும் ஆகலையே?

பிளாஸ்டிக்கில் லேசாக எழுதினீர்களா, இரும்பு தேய்த்தீர்களா? பேட்டரியைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை இரு விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள். காந்தத்தின் தடுக்கல் சீரான இடைவெளியில் வரும். அதற்கு நடுவே மணல் அரைவது போல நறநறத்தால் பேரிங் போய்விட்டது.

இன்னொருவர் குறுக்கே: இன்ரன்னர் (உள்பகுதி மட்டும் சுற்றும் மோட்டார்) என்றால் அந்தப் பிரச்சினையே கிடையாது!

இருக்கிறது. அதிலும் அதே சின்ன பேரிங்தான். இன்ரன்னரின் நன்மை வேறு: வெளிக்கூடு சுற்றாது, தூளும் எளிதில் புகாது. அவுட்ரன்னரில் காந்தக் கூடு கைக்குள்ளேயே சுழலும். மூடாமல் இரும்பு தேய்த்தால் தூள் மயிர் முளைத்தது போல காந்தத்தில் ஒட்டி இடைவெளியை அடைக்கும். நேரடி சக்குக்கு இது விடையாகாது.

கேள்வி: ஐந்து நிமிஷத்தில் மோட்டார் கொதிக்கிறது.

விமானத்தில் புரொப்பெல்லர் காற்று குளிர்விக்கும்; உங்கள் டூலில் காற்றே இல்லை. சின்ன விசிறி போடுங்கள். எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதிக்கு மேல் தொடர்ந்து இழுக்காதீர்கள். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சக்தியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும்.

கேள்வி: எந்த கேவி நல்லது அண்ணா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிட்டை வேலையில் வைத்து ஸ்டார்ட் செய்தால் நடுங்குகிறது.

சென்சார் இல்லாத மோட்டார் நின்றிருக்கும்போது, ரோட்டர் எங்கே இருக்கிறது என்பது இஎஸ்சிக்குத் தெரியாது. சுற்ற விட்டு, பிறகு தொடுங்கள்.

கேள்வி: 1000 கேவி போதுமா?

முதல் பதில். டிஸ்க்கில் எழுதியிருக்கும் வேகத்தையும் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பிண்டிலையும் மோட்டாரையும் நேர்கோட்டில் வைப்பது எப்படி?

மோட்டார் ஸ்க்ரூக்களைத் தளர்வாக விட்டு, கப்ளிங் (இரு தண்டையும் இணைக்கும் துண்டு) மாட்டி, கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக இறுக்குங்கள். எங்காவது கனமாகத் தட்டினால் கடைசியாக இறுக்கியதைத் தளர்த்துங்கள். கப்ளிங்கில் எதிரெதிரே இரண்டு கிரப் ஸ்க்ரூ இருக்கட்டும். ஒன்று மட்டும் இருந்தால் அந்த வேகத்தில் அதன் எடையே அதிர்வாகிவிடும்.