மனிதக் கழிவை வீட்டளவில் உரமாக்க முடியுமா, அருவருப்பாக இருக்காதா?

முடியும். 2013-லிருந்து எங்கள் தோட்டத்தில் செய்துகொண்டிருக்கிறோம். கேள்வியில் அருவருப்பு என்ற வார்த்தை இருந்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் காட்டில், அதாவது விவசாய நிலத்தில், வீடு கட்டிவிட்டு, கக்கூஸ் எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் நிலைமையும் அதுதான். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலைக்குக் கீழே எங்கள் தோட்டம். இரண்டு அடி தோண்டினால் பாறை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நாற்பது அடிதான். குழி எடுத்தால் கழிவுநீர் எந்தப் பாறை வெடிப்பு வழியாக எங்கே போய் ஊறும் என்று யாராலும் சொல்ல முடியாது. "செப்டிக் டேங்க் கட்டி, வழியறதை ஓடையில விட்டுடலாங்க" என்றார் கொத்தனார். அந்த ஓடையில்தான் கீழ்க்காட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்.

அப்போதுதான் முசிறிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திருச்சி மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் ஈகோசான் கழிப்பறைகள், அதாவது மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து உரமாக்குகிற கழிப்பறைகள், கட்டிக்கொடுத்திருந்தது. பொதுக் கழிப்பறைக்கு வந்து போகிறவர்களுக்கு அவர்களே காசு கொடுத்தார்கள். அந்த வேலையை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாழைக்குச் சிறுநீரை உரமாக விட்டால் என்ன ஆகிறது என்று திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் சோதித்திருக்கிறார்கள். ஏதோ வெளிநாட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நாங்கள் இதில் இறங்கவில்லை.

அமைப்பு இதுதான். தரைக்கு மேலே இரண்டு தொட்டி. பீங்கானில் மலம் தனி, சிறுநீர் தனி, போய்விட்டுக் கழுவும் தண்ணீர் தனி. கழுவும் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. மலத்தின் மேல் ஒவ்வொரு தடவையும் சாம்பல் போட வேண்டும். ஈரம் போனால் நாற்றம் போகும், கிருமியும் சாகும். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுகிறோம். மூடியதை ஒரு வருடத்துக்குத் தொடுவதில்லை, ஏனென்றால் உருண்டைப் புழுவின் முட்டை லேசில் சாகாது.

சிறுநீருக்கு மூடிய ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டு. சத்து அதிகம் இருப்பது இதில்தான். நம் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுடைய சிறுநீரில் வருடத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தழைச்சத்து (நைட்ரஜன்) வரும். நாங்கள் ஐந்து பேர், கணக்குப் போட்டால் அரை மூட்டை யூரியாவுக்குச் சற்று மேலே. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) அதோடு சேர்ந்தே வருகின்றன. டேங்கில் இருக்கும்போது யூரியா அம்மோனியாவாக மாறி, காரத்தன்மை ஏறி, கிருமிகளைக் கொல்கிறது. இருபது டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் ஆறு மாதம் இருந்தால் எல்லாப் பயிருக்கும் விடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி சொல்கிறது. நாங்கள் விடுவது வாழைக்கும் தென்னைக்கும் மட்டும்தான். தார் வெட்ட ஒரு மாதம் இருக்கும்போதே நிறுத்திவிடுவோம்.

"266 ரூபாய்க்கு ஒரு மூட்டை யூரியா கிடைக்கிறது, இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது மானிய விலை. மீதியை அரசாங்கம் கட்டுகிறது, நம் எல்லோருடைய வரிப்பணம். மணிச்சத்துக்கான பாறை பெரும்பாலும் மொராக்கோ மாதிரி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதெல்லாம் போகட்டும், நான் யூரியா மிச்சம் பிடிக்க இதைக் கட்டவில்லை, கிணற்றுக்காகக் கட்டினேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சிறுநீர் பற்றியும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தில் சிறுநீரிலிருந்து ஆரின் என்று ஒரு திரவ உரம் தயாரிக்கிறார்கள், அதில் மருந்து எச்சத்தைக் கரி வடிகட்டியில் நீக்குகிறார்கள். எங்களிடம் அந்த வசதி இல்லை. அதனால் வீட்டில் யாராவது ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் அவர்களுடையதைத் தனி கேனில் பிடித்து, உரத்துக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுகிறோம்.

தப்பும் செய்தோம். முதல் தடவை தண்ணீர் கலக்காமல் இளங்கன்றுகளுக்கு ஊற்றி, இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. சிறுநீர்க் குழாயைச் சரிவு போதாமல் போட்டதில் இரண்டாம் வருடம் உள்ளே வெள்ளையாகக் கல் படிந்து அடைத்துக்கொண்டது. தோட்டத்துக்கு வந்த விவசாயக் கல்லூரி மாணவி ஒருத்தி அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "அம்மா, இது உரம்" என்றாள். ஸ்ட்ரூவைட் என்று பெயர். சிறுநீரோடு மெக்னீசியம் சேர்ந்தால் மணிச்சத்து கிட்டத்தட்ட முழுதும் இப்படிப் படிகமாக இறங்கிவிடும். நேபாளத்தில் சித்திபூர் என்ற ஊரில் வேண்டுமென்றே மெக்னீசியம் சேர்த்து இதைத் தயாரித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. சேலத்தில் மலையே மெக்னசைட், மெக்னீசியம் நிறைந்த கல்! வெள்ளைக்கல் வெட்டி, சூளையில் சுட்டு, உலை செங்கலுக்கு அனுப்புகிற ஊர் இது. அந்த மெக்னீசியத்தை இதற்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். இங்கே ஏன் யாரும் பெரிய அளவில் முயலவில்லை என்று இன்றைக்கும் ஆதங்கப்படுகிறேன்.

சரி, அருவருப்புக்கு வருகிறேன்.

நான் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். எழுபதுகளில் எங்கள் தெருவில் எடுப்புக் கக்கூஸ்தான், மலத்தை ஆள் வந்து கையால் அள்ளிப்போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. காலையில் ஒரு அம்மா வாளியும் தகரமும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்து வழியாக வருவார். முன்வாசலில் அவரைப் பார்த்ததே இல்லை. மழை நாளில் வாளி அவர் மேலேயே ஒழுகும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் என் பாட்டி சொம்பு கையில் படாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். தினமும் பார்த்த முகம், பெயர் தெரியாது. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2015 தை மாதம் முதல் தொட்டியைத் திறக்கிற நாள் வந்தது. "காசு கொடுத்தா ஆள் வருவாங்க, சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். எந்தத் தெருவிலிருந்து என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே மண்வெட்டி எடுத்தேன். கையுறை, பூட்ஸ், முகத்துக்குத் துண்டு. மூடியைப் பெயர்க்கும்போது கை நடுங்கியது. உள்ளே இருந்தது சாம்பல் நிறத்தில் உதிரியான மண். பட்டி எருவில் வருகிற நெடிகூட அதில் இல்லை. மூன்றாவது சாக்கில் வீட்டுக்காரரும் இறங்கினார். மொத்தம் ஆறு சாக்கு.

இதைச் சொன்னால், "மறுபடியும் மலம் அள்ள வைக்கிறீர்களா?" என்று கோபப்படுவார்கள். கோபம் சரியானது, அந்தக் கோபம் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013-ஆம் வருடச் சட்டம் தடுப்பது முழுமையாக மட்குவதற்கு முன்னால் மனிதக் கையால் அள்ள வைப்பதை. ஒரு வருடம் மூடிக் கிடந்து மண்ணானது வேறு. ஆனாலும் சட்டம் விடுகிறது என்பதற்காக நான் பேசவில்லை. என் வீட்டுத் தொட்டியை என் வீட்டுக் கைதான் திறக்க வேண்டும். அதற்கு ஆள் வைப்பீர்கள் என்றால் தயவுசெய்து கட்டாதீர்கள்.

என் மாமியாருக்கு இருட்டும் வரை காத்திருக்கிற தொல்லை தீர்ந்தது. கட்டிய முதல் நாளே போக ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்த வாழைப்பழத்தைக் கடைசி வரை வாயில் வைக்கவில்லை. "உனக்கு ஒத்துக்குது, எனக்கு மனசு வல்ல கண்ணு" என்பார். நான் வற்புறுத்தவில்லை. பங்காளி வீட்டுச் சீருக்கு நான் கொடுத்தனுப்பிய தார் திரும்பி வந்ததுதான் வலித்தது. சபையில் வைக்க முடியாதாம். அந்தத் தாரை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் வீடு வந்து சேர்ந்தேன்.

      

கட்டுவதென்றால் முதலில் சாம்பலுக்கு வழி பாருங்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகு வீட்டில் சாம்பல் ஏது? நாங்கள் வெல்ல ஆலையிலிருந்து மாதம் இரண்டு மூட்டை வாங்கி, நனையாமல் மூடி வைக்கிறோம். அப்புறம் உங்கள் கிணறு எத்தனை அடி தூரம், எத்தனை அடியில் பாறை தட்டுகிறது என்று எழுதுங்கள், குழாய்ச் சரிவு எவ்வளவு வைக்கலாம் என்று சொல்கிறேன்.