உப்புநீர் மீன் தொட்டிக்குக் குறைந்த விலையில் நல்ல சுழற்சி பம்ப் எது?

240 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், கையில் பணம் குறைவு. எந்தப் பம்ப் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். இதற்கு முன்பே யாரிடமாவது கேட்டிருப்பீர்கள், "செலவு செய்ய முடியாதவர்கள் உப்புநீர்ப் பக்கம் வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நேரடிப் பதில். ஏசி மின்சாரத்தில் ஓடுகிற, புரொபெல்லர் வைத்த, காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சாதாரண பம்ப் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 2,500 லிட்டர் தள்ளினால் போதும். வேகத்தை மாற்றும் கன்ட்ரோலர், வைஃபை, மொபைல் ஆப் எதுவும் வேண்டாம். விற்பவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதற்கு ரோட்டார், அதாவது உள்ளே சுழலும் காந்தப் பகுதி, தனியாகக் கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் எடுங்கள். இல்லை என்றாலோ, மழுப்பினாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

2,500 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மீன் மட்டும் இருந்தால் தொட்டியின் கொள்ளளவைப்போலப் பத்து மடங்கு, மென்பவளம் இருந்தால் இருபது மடங்கு, அக்ரோபோரா மாதிரி கடினப் பவளம் என்றால் நாற்பதும் அதற்கு மேலும் என்று வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். 240ஐ இருபதால் பெருக்கினால் மணிக்கு 4,800 லிட்டர், இரண்டு பம்ப்புக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2,500. இது பழகிப் பழகி வந்த கணக்குதான், விஞ்ஞான விதி என்று நான் சொல்லவில்லை. அக்ரோபோரா வளர்க்கும் பெரியவர்கள் என் மேல் பாய வேண்டாம், கேட்டவரிடம் இருப்பது மென்பவளம். அப்புறம், பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் புத்தம்புது பம்ப்பின் எண். பாசியும் சுண்ணாம்பும் ஏறிய பிறகு அவ்வளவு வராது.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி, வைத்திருந்தால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் வேறு, தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப் வேறு. முதலாவதற்கு உயரத்தைத் தாண்டித் தள்ளும் அழுத்தம் வேண்டும். ஒவ்வொரு முழங்கை வளைவும் அதன் பலத்தில் கொஞ்சம் தின்றுவிடும். இரண்டாவதற்கு அழுத்தமே தேவையில்லை, நிறையத் தண்ணீரை மெதுவாக, அகலமாக நகர்த்தினால் போதும். ரிட்டர்ன் பம்ப்பையே பெரிதாக வாங்கி இரண்டு வேலையையும் அதன் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. கரண்ட் பில்லும் ஏறும், மூலைகளில் கழிவும் அப்படியே கிடக்கும்.

பழைய வகை பவர்ஹெட் ஒன்று, சின்னக் குழாய் வாயால் பீய்ச்சியடிப்பது, 20 வாட் எடுத்துக்கொண்டு மணிக்குச் சுமார் 1,100 லிட்டர்தான் தரும். புரொபெல்லர் பம்ப் 5 வாட்டுக்குள்ளேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தரும். வருடம் முழுக்க இரவும் பகலும் ஓடுவதால் 20 வாட் பம்ப் ஏறக்குறைய 175 யூனிட் எடுக்கும், 5 வாட் பம்ப் 44 யூனிட்டோடு நின்றுவிடும். இன்னொன்று, தண்ணீருக்குள் இருக்கும் பம்ப் தின்னும் மின்சாரம் கடைசியில் அந்தத் தண்ணீரில் சூடாகத்தான் இறங்கும். வெயில் காலத்தில் தொட்டியை 26 டிகிரியில் நிறுத்தப் போராடுபவருக்கு இது புரியும். "பழைய பவர்ஹெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, விலை உயர்ந்தது ஏன் வேண்டாம் என்கிறேன்? பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அதையும் ஓட்டிப் பார்த்தவன்தான். நண்பர் ஒருவர் தொட்டியை விற்றுவிட்டு ஊர் மாறிப் போனபோது, தன்னிடமிருந்த டிசி வேவ்மேக்கரை, அதாவது கன்ட்ரோலரோடு வரும் விலை உயர்ந்த அலை பம்ப்பை, எனக்குச் சும்மாவே கொடுத்தார். "போயும் போயும் இந்த டப்பா பம்ப்பையா வைத்திருக்கிறாய்?" என்ற வசனத்தோடு. அலை மாதிரி தண்ணீரை ஆட்டும், ராத்திரியில் தானே வேகம் குறையும், தீனி போடும்போது பட்டனை அழுத்தினால் சில நிமிடம் நின்று தானே மறுபடி ஓடும். நன்றாகவே ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். சத்தமே இல்லை. பவளங்கள் ஆடுவதைப் பார்க்க அவ்வளவு அழகு.

ஒரு நாள் ராத்திரி கன்ட்ரோலர் அணைந்துபோனது. அடாப்டரை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 24 வோல்ட் ஒழுங்காக வருகிறது. மோட்டாரும் கையால் சுற்றினால் சுற்றுகிறது. கன்ட்ரோலரைத் திறந்தால் உள்ளே உப்பு படிந்து சர்க்யூட் பலகை பச்சையாகக் கிடக்கிறது. தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். கன்ட்ரோலர் தனியாக விற்பதில்லை, அந்த மாடலே இப்போது வருவதில்லை, புதிய மாடலின் கன்ட்ரோலர் பழைய மோட்டாரில் பொருந்தாது, முழு செட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. இந்த வகை டிசி மோட்டாரை நேராகக் கரண்டில் மாட்டவும் முடியாது. அதைச் சுழற்றுகிற சர்க்யூட்டே கன்ட்ரோலருக்குள்தான் இருக்கிறது. ஆக, நல்ல மோட்டாரும் நல்ல அடாப்டரும் என் மேசைமேல் சும்மா கிடந்தன.

அன்று ராத்திரியே அலமாரியிலிருந்து என் டப்பா பம்ப்கள் இரண்டையும் எடுத்தேன். கழுவினேன், மாட்டினேன், ஓடின. இன்றைக்கும் அவைதான் ஓடுகின்றன. ஏசி பம்ப்புக்குள் இருப்பதே பிசினில் புதைத்த ஒரு கம்பிச்சுருள், காந்தம் வைத்த ஒரு ரோட்டார், ஒரு அச்சு, அவ்வளவுதான். தேய்வது ரோட்டாரும் அச்சும். ரோட்டாரை மாற்றினால் பம்ப் புதிது. அதனால்தான் அந்த ஒரு கேள்வியை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

குறையே இல்லையா என்றால், உண்டு. கரண்ட் போய் வரும்போது சில சமயம் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுத்தான் சுற்றத் தொடங்கும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. டைமர் போட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி ஓட்டினால் சீக்கிரம் தேயும், அதைச் செய்யாதீர்கள்.

வாங்கும்போது அச்சைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் பீங்கானில் இருந்தால் நல்லது. எஃகு அச்சு உப்புநீரில் துருப்பிடிக்கும், "ஸ்டெயின்லெஸ்" என்று எழுதியிருந்தாலும் நான் நம்புவதில்லை. அதைவிட முக்கியம் காந்தம். கண்ணாடியின் உள்பக்கம் இருக்கும் காந்தத்தை எபாக்சியோ பிளாஸ்டிக்கோ முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் உப்புநீர் உள்ளே போய், காந்தம் துருவேறி உப்பி, உலோகம் தண்ணீரில் கரையும். பவளம் ஏன் சுருங்குகிறது என்று தெரியாமல் எதையெதையோ சோதித்துக்கொண்டிருப்பீர்கள். மாதம் ஒரு தரம் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது என் பழக்கம்.

கோமாளி மீன் வைத்திருப்பதால் அடுத்து கடல் சாமந்தி, அதாவது அனிமோன், வாங்கும் ஆசை வரும். அது ஒரே இடத்தில் உட்காராது, நகர்ந்து போகும். பம்ப்புக்குள் மாட்டினால் மிக்ஸியில் போட்டது போல ஆகிவிடும், அதன் மிச்சம் தொட்டி முழுவதையும் கெடுக்கும். அப்படி வாங்குவதாக இருந்தால் பம்ப்பின் கூண்டுக்கு மேல் நுரைப் பஞ்சோ வலையோ கட்டிவிடுங்கள். ஓட்டம் குறையும், பரவாயில்லை.

ஒரு பெரிய பம்ப்புக்குப் பதில் இரண்டு சின்னது ஏன் என்றால், ஒன்று நின்றாலும் மற்றது தொட்டியைக் காப்பாற்றும். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிட உப்புநீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். மேல்மட்டம் அசையாமல் நின்றால் மீன்கள் சீக்கிரம் திணறிவிடும். இரண்டையும் பக்கக் கண்ணாடிகளில் எதிரெதிரே, மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒட்டுங்கள். இரண்டு ஓட்டமும் நடுவில் மோதிக் கலைய வேண்டும். நேராக ஒரே திசையில் அடிக்கும் ஓட்டம் பவளத்தின் சதையை உரித்துவிடும். மணலை நோக்கித் திருப்பினால் தொட்டிக்குள் புழுதிப் புயல்தான்.

சுத்தம் செய்ய வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, ஒரு வாளியில் பம்ப்பை அரை மணி நேரம் ஓட்டினால் சுண்ணாம்பு கரைந்து வந்துவிடும். பல பம்ப்கள் "ரிப்பேர்" என்று குப்பைக்குப் போவது இதைச் செய்யாததால்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் போன் சார்ஜ் போட இடம் தேடி, தொட்டிக்குப் பின்னாலிருக்கும் பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். "ஓ, இது மீனுக்கா? நான் சும்மா லைட் என்று நினைத்தேன்." உங்கள் போன் ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தால் யாரும் சாகப்போவதில்லை, ஐயா! பிளக்கின் மேல் பெரிதாக எழுதி ஒட்டியும் பார்த்துவிட்டேன். எழுத்தைப் படித்துவிட்டுப் பிடுங்கியவரும் உண்டு. மூடி போட்ட பிளக் பலகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவியோடு சேர்த்து. ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், ஒயரில் வழியும் உப்புநீர் அங்கேயே சொட்டிவிடும்.

புதிது வாங்கவே பணம் போதவில்லை என்றால் பழைய பம்ப்பும் வாங்கலாம், கேவலம் ஒன்றும் இல்லை. காந்தம் விரிசல் இல்லாமல் இருந்து, ரோட்டார் கிடைத்தால் போதும். விற்பவரிடம், மீனுக்கு நோய் வந்து செம்பு மருந்து போட்ட தொட்டியில் அது ஓடியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடியது என்றால் விட்டுவிடுங்கள், செம்பு மிச்சம் ஒட்டியிருந்தால் பவளம் தாங்காது.