தேசியப் பூங்காவில் பணி: நிர்வாகமா, கண்காணிப்பு அறிவியலா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருக்கும் உங்கள் மகள் தேசியப் பூங்கா ஒன்றில் வனவிலங்குப் பாதுகாப்புப் பணிக்குச் செல்ல விரும்புகிறார் என்றும், அத்துறையில் நிலையான வேலை உண்டா என்பது விளங்காமல் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலை உண்டு. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றாகத் தெரியும் அந்த வேலைக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. எந்தப் பாதை என்று தீர்மானிக்காமலேயே பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவதால்தான் பல மாணவர்கள் பின்னால் தடுமாறுகிறார்கள்.

முதல் பாதை நிர்வாகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேசியப் பூங்காவை நடத்தும் அதிகாரம் வனத்துறையிடமே இருக்கிறது. ரோந்து, காட்டுத்தீத் தடுப்பு, களைச்செடி அகற்றல், எல்லையோரக் கிராமங்களில் யானையால் ஏற்படும் பயிர்ச்சேதம், சுற்றுலாக் கட்டுப்பாடு, நீதிமன்ற வழக்கு என்று அனைத்துக்கும் பொறுப்பேற்பவர்கள் வனக்காப்பாளர் முதல் கள இயக்குநர் வரையிலான துறை அலுவலர்கள். இவர்கள் தேர்வெழுதி வருபவர்கள். பணிப் பாதுகாப்பும் பதவி உயர்வும் உடையவர்கள். காட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். இப்பணியில் கோப்புகளோடும் மனிதர்களோடும் கழியும் நேரமே அதிகம்.

இரண்டாவது பாதை அறிவியல் கண்காணிப்பு. எத்தனை விலங்குகள் இருக்கின்றன, அவை பெருகுகின்றனவா குறைகின்றனவா, காடு எப்படி மாறுகிறது என்று அளந்து சொல்லும் பணி இது. இதன் முக்கியத்துவத்தை நம் நாடு கசப்பான அனுபவத்தின் வழியாகவே கற்றுக்கொண்டது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் காலடித் தடங்களை வைத்துப் புலிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டுவந்த நிலையில், அங்கு ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியானது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா தேசியப் பூங்காவும் 2009க்குள் தன் புலிகளை முழுவதுமாக இழந்து, பின்னர் வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. சரிஸ்கா தந்த அதிர்ச்சிக்குப் பின் தானியங்கிக் கேமராக்களையும் புள்ளியியல் மாதிரிகளையும் அடிப்படையாகக் கொண்ட தேசிய மதிப்பீடு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அதன்படி 2006இல் 1,411 என்றிருந்த புலிகளின் எண்ணிக்கை 2022இல் 3,682 என மதிப்பிடப்பட்டது.

மதிப்பீடு என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு புலியின் வரிகளும் தனித்தன்மை உடையவை; ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும்கூட ஒன்றாக இருப்பதில்லை என்பதால் பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைப் பொருத்துகிறார்கள். முன்பே படத்தில் சிக்கிய புலி மறுபடியும் எத்தனை முறை சிக்குகிறது என்பதை வைத்து, ஒரு புலி கேமராவில் அகப்படும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அகப்படாமல் போனவற்றையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையை ஊகிக்கிறார்கள். உடலில் அடையாளம் இல்லாத விலங்குகளுக்கு இம்முறை உதவாது. நீலகிரி வரையாட்டுக்காகத் தமிழ்நாடு அரசு 2024இல் நடத்திய ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் இரண்டு குழுக்கள் சற்று இடைவெளி விட்டு ஒரே பாதையில் சென்று தனித்தனியாகப் பதிவு செய்தன. ஒரு குழு தவறவிட்டதை மற்றொன்று கண்டதா என்பதிலிருந்து இரண்டும் தவறவிட்டவற்றை மதிப்பிடலாம். கிடைத்த எண்ணிக்கை 1,031. பின்னர் நடக்கும் கணக்கெடுப்பில் இதைவிடக் கூடுதலான எண் வந்தால், ஆடுகள் பெருகினவா, அல்லது தேடிய பரப்பு கூடியதா என்று கேட்பவரே நல்ல கண்காணிப்பாளர்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது புள்ளியியல். இதைக் கேட்டவுடன் பெரும்பாலான மாணவர்களின் முகம் வாடிவிடுகிறது. கணக்கிலிருந்து தப்பிக்கவே உயிரியலை எடுத்தவர்கள் அவர்களில் பலர். ஆனால் இத்துறையில் விலங்கு நேசம் எல்லோரிடமும் இருக்கிறது. தரவைப் பிழையின்றிக் கையாளத் தெரிந்தவர்கள்தாம் குறைவு. நிலவரைபட மென்பொருளும் தரவுப் பகுப்பாய்வுக்கான ஆர் (R) நிரல்மொழியும் கட்டணமின்றிக் கிடைப்பவை. கல்லூரிக் காலத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

பட்டப்படிப்பைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றேனும் பாடமாக இருந்த பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். பெயரளவில் கவர்ச்சியான புதிய பட்டம் ஒன்றில் சேர்ந்து, பின்னர் இந்த வரம்புக்குள் அது வருமா என்று தேடுவதைவிட, சேரும் முன்பே கல்லூரியின் பாடத்திட்டத்தையும் தேர்வாணைய அறிவிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலங்கியலோ தாவரவியலோ எடுத்தால் இரண்டு பாதைகளும் திறந்திருக்கும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டம் நிர்வாகப் பாதைக்கு மிகப் பொருத்தமானது. (வனப்பணிக்குத் தேர்வாகும் பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், இப்போதே நடக்கப் பழகுவது நல்லது.)

அறிவியல் பாதையில் முதுகலை இல்லாமல் நகர இயலாது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுகலைப் படிப்புகள் மதிப்பு வாய்ந்தவை. இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். அவை கிடைக்காவிட்டால் உதகை அரசு கலைக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி போன்றவற்றில் வனஉயிரியல் படிக்கலாம்.

வருமானம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்பகங்களில் உயிரியலாளராகவும் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகவும் கிடைக்கும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. திட்ட நிதி முடிந்தால் பணியும் முடியும். முப்பது வயதை ஒட்டியே பலருக்கு நிலைப்பு வருகிறது. குடும்பத்துக்கு உடனடி வருமானம் தேவையெனில் நிர்வாகப் பாதையே ஏற்றது என்பது என் கருத்து. தேர்வுக்கு எத்தனை ஆண்டுகள் செலவிடலாம் என்பதையும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பு குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. எனினும் களப்பணிக்கு எவரும் தனியாகச் செல்வதில்லை. காற்றின் திசையையும் யானையின் வாடையையும் அறிந்த, பெரும்பாலும் பழங்குடியினரான வேட்டைத் தடுப்புக் காவலர்கள் உடன் வருவார்கள். அவர்கள் சொல்லைத் தட்டாதிருப்பதே முதல் பாதுகாப்பு விதி. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றி ஆய்வு என்ற பெயரில் பூங்காவுக்குள் நுழைவது குற்றம் என்பதையும் மகளுக்கு உணர்த்துங்கள்.

கண்காணிப்பின் பலன் மெதுவாகவே வரும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் 50 ஹெக்டேர் பரப்பில் மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் சாவையும் தொடர்ந்து பதிந்துவருகிறார்கள். வறட்சியும் தீயும் அந்தக் காட்டை எப்படி மாற்றுகின்றன என்பது அத்தகைய நெடுங்காலப் பதிவிலிருந்தே தெரியவரும். ஓராண்டுத் தரவு அதைச் சொல்லாது.

இந்தப் பொறுமை தமக்கு இருக்கிறதா என்பதை உங்கள் மகள் இப்போதே சோதிக்கலாம். வீட்டுக்கு அருகில் உள்ள ஏதேனும் ஒரு நீர்நிலையை வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம் பார்த்து, கண்ட பறவைகளை, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதியச் சொல்லுங்கள். எதுவும் தென்படாத நாளையும் விடாமல் பதிய வேண்டும். ஆறு மாதங்களுக்குப் பிறகும் அந்தப் பட்டியல்களில் மாற்றங்களைத் தேடும் ஆர்வம் குன்றாதிருந்தால் அறிவியல் பாதையை நம்பிக்கையோடு தேர்ந்தெடுக்கலாம். சலித்துவிட்டால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. விலங்கியல் பட்டத்தோடு வனத்துறைத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகட்டும்.