கார் பாலிஷ் போடும்போது காம்பவுண்ட் (கீறலை எடுக்கும் உராய்வுக் குழம்பு) தூள் பறக்காமல் இருக்க என்ன செய்வது? விலை கூடிய காம்பவுண்ட் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தூள் பறந்தால் எல்லாரும் முதலில் திட்டுவது பாட்டிலைத்தான். நான் முதலில் மெஷினில் மாட்டிய பேடைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன்.

கருப்போ அடர் நீலமோ ஒரு கார், வீட்டு போர்டிகோ, ஆன்லைனில் வாங்கிய டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் பாலிஷர்), அதோடு வந்த இரண்டு மூன்று ஃபோம் பேட். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டி ஓட்டுகிறீர்கள் என்றால் தூளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெயின்ட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். நாலு இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். ஆடாமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி பாலிஷருக்கே 1,200 முதல் 1,500 வரை போதும்.

அலுமினியம் ஆக்சைடு போன்ற உராய்வுத் துகளை எண்ணெய், தண்ணீர், சால்வென்ட்டில் கலந்த குழம்புதான் காம்பவுண்ட். ஓட்ட ஓட்டத் தண்ணீரும் சால்வென்ட்டும் ஆவியாகிவிடும். மிஞ்சிய துகளும் சுரண்டி எடுத்த கிளியர் கோட்டும் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாப் பூச்சு) சேர்ந்து பேடில் அடையாக ஏறும். அந்த அடை காய்ந்து உடைவதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைத் தூள். ஆக, தூளைக் கூட்டுவது நாலு விஷயம்: அதிகமாக ஊற்றிய காம்பவுண்ட், சுத்தம் செய்யாத பேட், சூடான பாடி, காய்ந்த பிறகும் நிறுத்தாமல் ஓட்டுவது. நாலில் பெரிய குற்றவாளி பேட்தான்.

புது பேடில் நேரடியாக நாலு சொட்டு வைத்து ஓட்டாதீர்கள். காய்ந்த ஃபோம் அந்தச் சொட்டை உறிஞ்சிக்கொள்ளும். பேடின் மற்ற இடமெல்லாம் வெறும் ஃபோமாகவே பெயின்ட்டில் தேயும். முதல் தடவை மட்டும் கொஞ்சம் காம்பவுண்டை விரலால் பேட் முழுக்கத் தேய்த்து, துளைகள் எல்லாம் லேசாக நனையும்படி செய்யுங்கள். வழிய விட வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று சொட்டு போதும். கட்டம் என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டுக்கு இரண்டு. பாதி போனட்டை ஒரே கட்டமாக எடுத்தால் கடைசி மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்துவிடும்.

மெஷினை ஆஃப் பண்ணி, பேடால் நாலைந்து இடத்தில் ஒற்றிப் பரப்பிவிட்டு, மெஷினின் வேக எண்ணை 1-ல் வைத்து ஆன் செய்து, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். விநாடிக்கு ஓர் இன்ச் வேகம், முன்பு ஓட்டிய தடத்தின் மேல் பாதிப் பேட் ஏறும்படி, ஒரு சுற்று குறுக்கே, ஒரு சுற்று நெடுக்கே. நாலு சுற்று, மிஞ்சினால் ஆறு. எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணால் பிடிக்க வேண்டும். சரியாக இருக்கும்போது பேடுக்குப் பின்னால் எண்ணெய் தடவிய மாதிரி கண்ணாடியாக ஒரு படலம் தெரியும். அது மங்கி, ஓரங்களில் வெள்ளைக் கோடு கட்ட ஆரம்பித்தால் அந்தக் கட்டம் முடிந்தது. கீறல் போகவில்லையா? துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், காய்ந்ததையே தேய்க்காதீர்கள். மெகுவயர்ஸ் 105 மாதிரி வேகமாக வெட்டும் காம்பவுண்டுகள் சீக்கிரம் காயும், தூளும் கூட. அவற்றுக்குக் கட்டத்தை இன்னும் சின்னதாக்குங்கள்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு கதவு முடிந்ததும் இல்லை, ஒவ்வொரு கட்டமும். மெல்லிய நைலான் பிரஷ்ஷைப் பேடில் வைத்து, மெஷினை மெதுவாகச் சில விநாடி சுற்ற விட்டால் அடை உதிர்ந்துவிடும். வூல் (கம்பளி) பேடுக்கு அதற்கென்று இருக்கும் பல் சக்கரம் நல்லது. கம்ப்ரஸர் இருந்தால் இன்னும் சுத்தம். ஆனால் காரை விட்டு நாலடி தள்ளிப் போய் அடியுங்கள், இல்லையென்றால் உதிர்ந்த தூள் முழுக்கப் பக்கத்துக் கதவில்தான் உட்காரும். ஒன்றிரண்டு பேனல் ஆனதும் பேடை மாற்றிவிடுங்கள். முழுக் காருக்கு ஐந்தாறு பேட் தேவைப்படும். செலவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கிளியர் கோட் உள்ள காரில் பேடில் ஏறுவது வெள்ளை அல்லது சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். காரின் நிறம் பேடில் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பழைய ஒற்றைப் பூச்சுப் பெயின்ட்டாக இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் கிளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றிச் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டுவோம் என்பார் சிலர், ஒரு துளி படக் கூடாது என்பார் சிலர். ஸ்ப்ரே பாட்டிலில் ஒரே ஒரு அடி, அதுவும் பேடில்தான், பாடியில் இல்லை. காய ஆரம்பித்த காம்பவுண்டுக்கு அது இன்னொரு சுற்று உயிர் கொடுக்கும். மூன்று நாலு அடி அடித்தால் துகள் வெட்டாமல் வழுக்கும், சொட்டு சுவரெல்லாம் தெறிக்கும். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு கறையாக நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

நம்ம ஊர் வெயிலில் இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மதியம் தூள் பறக்கும். போனட்டில் கை வைத்தால் சுடக் கூடாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியுங்கள். ஃபேன் நேராகப் பாடியில் அடித்தால் அதுவும் காய வைக்கும். தூளை வெளியே தள்ளும்படி பக்கவாட்டில் திருப்புங்கள். தரையை முன்னதாகவே நனைத்துவிடுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் தூள் இருக்கத்தான் செய்யும். அதனால் ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக், எம்பளம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வலைப் பகுதியை மறக்காதீர்கள், ஏசிக்குக் காற்று போவது அந்த வழியாகத்தான். டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை நிற்கும். மூக்குக்கு N95, கண்ணுக்குக் கண்ணாடி. கைக்குட்டை கட்டுவது உதவாது.

முடிந்ததும் தூளை உலர்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். அது உராய்வுத் துகள், மணிக்கணக்கில் எடுத்த கீறலை ஒரே இழுப்பில் திரும்பப் போட்டுவிடும். காற்றடித்து, ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். எனக்கு ஆத்திரமே இங்கேதான். சர்வீஸ் பில்லில் 'ரப்பிங் பாலிஷ்' என்று போட்டு, ஒரே வூல் பேடில் ஒரு மணி நேரத்தில் முழுக் காரையும் முடித்து, பனியன் வேஸ்ட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுக்கிறார்கள். வெள்ளையாகிப் போன பிளாஸ்டிக் மேல் டயர் பாலிஷ் பூசி மறைக்கிறார்கள். இரண்டு தடவை கழுவினால் திரும்ப வெள்ளை.

அப்படி வெளுத்த பிளாஸ்டிக் உங்களுடையதிலும் இருந்தால், ஆல் பர்பஸ் கிளீனரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.