பார்வையாளர் அயன்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சமன்பாட்டில் சோடியமும் நைத்திரேற்றும் இருந்தால் உடனே வெட்டிவிடலாமா?

பெயரைப் பார்த்து வெட்ட வேண்டாம். தாக்கத்துக்கு முன்னும் பின்னும் அதே ஏற்றத்தோடு, அதே வடிவில், நீரில் கரைந்தபடியே இருக்கும் அயன்தான் பார்வையாளர். ஒரு தாக்கத்தில் சும்மா நிற்கும் அயன் இன்னொன்றில் தாக்கமடையும்.

காலிமுகத்திடலில் ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து, வடிகட்டி, மூன்று சோதனைக்குழாய்களில் ஊற்றினால் இது கண்ணுக்கே தெரியும். முதலாவதில் ஐதான நைத்திரிக் அமிலம் சில துளி, பிறகு வெள்ளி நைத்திரேற்று: தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரிந்து படியும் திண்மம்). சேர்ந்தவை வெள்ளியும் குளோரைட்டும். சோடியம், மகனீசியம், சல்பேற்று, நைத்திரேற்று அப்படியே நிற்கின்றன. இரண்டாவதில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம், பிறகு பேரியம் குளோரைட்டு: இப்போது வீழ்படிவது பேரியம் சல்பேற்று, குளோரைட்டு பார்வையாளர். மூன்றாவதில் சோடியம் காபனேற்று போட்டால் கல்சியமும் மகனீசியமும் வெளியே வந்துவிடும். முதல் இரண்டு குழாய்களிலும் அமிலம் சேர்ப்பது, வீண் வீழ்படிவு தரக்கூடிய காபனேற்றை வாயுவாக அனுப்பத்தான். முதற் குழாயில் தவறி ஐதரோக்குளோரிக் அமிலம் விட்டால் அதன் குளோரைட்டே வெள்ளியோடு சேர்ந்து சோதனையைக் கெடுக்கும். துணைக்குச் சேர்க்கும் அமிலத்தின் எதிரயனும் பார்வையாளராகவே இருக்க வேண்டும்.

தாளில் செய்யும்போது சமன்பாட்டைச் சமப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பௌதிக நிலை எழுதி, கரைந்திருக்கும் வன்னமிலம், வன்காரம் (நீரில் முற்றாக அயன்களாகப் பிரியும் அமிலமும் காரமும்), கரையும் உப்பு ஆகியவற்றை மட்டும் அயன்களாகப் பிரியுங்கள். திண்மம், வாயு, திரவநீர், மென்னமிலம் இவற்றைப் பிரிக்கக் கூடாது. பிழை பெரும்பாலும் இங்கேதான் வரும். அசற்றிக் அமிலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டோடு சேர்க்கும்போது அமிலத்தைப் பிரித்துவிட்டு அசற்றேற்றை இரு பக்கமும் வெட்டுவார்கள். அமிலம் பெரும்பாலும் மூலக்கூறாகவே இருப்பதால் அசற்றேற்று அங்கே புதிதாக உருவாகும் விளைவு. சோடியம் மட்டுமே பார்வையாளர். வீழ்படிவு தராத எந்த ஐதான வன்னமிலமும் வன்காரமும் சேர்ந்தாலும் ஒரு மூல் நீர் உருவாக ஏறத்தாழ 57 கிலோயூல் வெப்பம் வெளிவருவது, மற்ற அயன்கள் தாக்கத்தில் இல்லாததால்தான். அசற்றிக் அமிலத்துக்கு அந்தப் பெறுமானம் சற்றுக் குறையும்.

நைத்திரேற்று எப்போதும் பார்வையாளர் என்று மனப்பாடம் செய்தவர்கள் செம்பையும் ஐதான நைத்திரிக் அமிலத்தையும் எழுதிப் பார்க்கட்டும். 3 செம்புக்கு 8 நைத்திரிக் அமிலம். அதில் 2 நைத்திரேற்று நைத்திரிக் ஒட்சைட்டாக மாறுகிறது, 6 மட்டுமே மாறாமல் நிற்கிறது. ஆகவே எட்டையும் வெட்ட முடியாது. பார்வையாளரை வெட்டியபின் மிஞ்சும் தேறிய அயன் சமன்பாட்டில் இடப்பக்கம் 2 நைத்திரேற்று இருக்கத்தான் வேண்டும். எல்லாத் தாக்கத்திலும் பார்வையாளர் இருக்க வேண்டும் என்றும் இல்லை: பேரியம் ஐதரொட்சைட்டுக்கு சல்பூரிக் அமிலம் சேர்த்தால் ஒன்றுமே மிஞ்சாது, அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரியாகத் தீர்க்கும் சமவலுப் புள்ளியில் கரைசலின் மின்கடத்துதிறன் ஏறத்தாழப் பூச்சியமாகிவிடும்.

கணக்கில் இன்னொரு கவனம். வெட்டிய அயன் கரைசலை விட்டுப் போகவில்லை. லீற்றருக்கு 0.10 மூல் கொண்ட வெள்ளி நைத்திரேற்று 25 மில்லிலீற்றரையும் அதே செறிவுள்ள சோடியம் குளோரைட்டு 25 மில்லிலீற்றரையும் கலந்தால், சோடியமும் நைத்திரேற்றும் லீற்றருக்கு 0.050 மூல் வீதம் இருக்கும். கனவளவு இரட்டிப்பானதை மறந்து 0.10 என்று எழுதினால் விடை பிழை. சோடியம் குளோரைட்டை 50 மில்லிலீற்றர் எடுத்தால் மிஞ்சும் குளோரைட்டைப் பார்வையாளர் என்று சொல்லக் கூடாது. அது மிகையாக எஞ்சிய தாக்கி.