30 நாட் காற்றில் எந்தப் பட்டம்? கைட்சர்ஃபிங் (பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குதல்) கேள்வி பதில்

கேள்வி: என் எடை 75 கிலோ. 15 நாட் (மணிக்கு சுமார் 28 கி.மீ.) காற்றில் 12 சதுர மீட்டர் பட்டம் சரியாக இருக்கிறது. 30 நாட்டுக்கு அதில் பாதி போதுமா?

பதில்: 6 சதுர மீட்டர் என்பது பலரும் எடுக்கும் அளவுதான். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். பட்டத்தைப் பாதியாக்கிய பிறகும் இரண்டு மடங்கு இழுவை மிஞ்சும். அதை, கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியான பாரை முன்னே தள்ளித்தான் குறைக்க வேண்டும். அப்படி இழுவையைக் குறைக்க இடம் கொடுக்காத பட்டம் என்றால் சிறியதாக இருந்தும் பயனில்லை.

சி வடிவப் பட்டத்தில் பாரை முழுக்க விட்டாலும் கணிசமான இழுவை மிஞ்சும். போ (bow, வில்) வடிவத்தில் பின்விளிம்பு உள்வாங்கியிருக்கும். முன் கயிறுகள் பிரைடிலில் (முன்விளிம்பில் பல இடங்களில் கட்டிய கிளைக் கயிறுகளில்) சேரும். பாரைத் தள்ளியதும் பின் கயிறுகள் தளர்ந்து, பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணம் சட்டென்று குறையும். பலத்த காற்றுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். நீண்டு ஒடுங்கிய பட்டம் உயரத் தூக்கும், ஆனால் தவறை மன்னிக்காது.

இன்னொன்று: சராசரியைப் பார்த்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். 30 நாட் காற்று நடுவே 40க்கு எகிறினால் அந்த நொடியில் இழுவை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும். வீச்சின் (திடீரென்று எகிறும் காற்றின்) உச்சத்துக்கே பட்டம் எடுங்கள். சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி அவ்வளவு அகலமாக இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம்.

கேள்வி: வீச்சு வரும்போது பட்டத்தின் முன்குழாய் (முன்விளிம்பில் காற்றடைத்த குழாய்) நடுவில் மடங்குகிறது. துணி பழசாகிவிட்டதா?

பதில்: முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பட்டத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பம்பின் மானியைப் பார்த்து அடியுங்கள். கை அழுத்திப் பார்ப்பது கணக்கல்ல. அளவு சரியாக இருந்து அரைமணியில் தளர்ந்தால் வால்வில் மணல் சிக்கியிருக்கும், அல்லது குழாய்க்குள் காற்றைத் தாங்கும் உள்பையில் ஊசித் துளை இருக்கும்.

கேள்வி: கரையில் நிற்கும்போது பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: பலத்த காற்றில் அதுதான் ஆளைத் தூக்கி எறியும் நிலை. மேலே நிற்கும் பட்டத்தை ஒரு வீச்சு பிடித்தால் இழுவை நேராக மேல்நோக்கி வரும். காலுக்குப் பிடிப்பே கிடைக்காது. பட்டத்தைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்வாக வைத்து, தாமதிக்காமல் கடலில் இறங்குங்கள். காற்று போகும் திசையில் கயிற்று நீளத்தைப்போல் இரு மடங்காவது, 24 மீட்டர் கயிறென்றால் சுமார் 50 மீட்டர், பாறையோ சுவரோ ஆட்களோ இருக்கக் கூடாது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தால், மீட்புப் படகு இல்லாமல் இறங்காதீர்கள்.

ஏற்றும் முன் நான்கு கயிறுகளையும் பட்டத்திலிருந்து பார் வரை விரலால் தடவியபடி நடந்து பாருங்கள். ஒரு பின் கயிறு முன் கயிற்றின் இடத்தில் மாட்டியிருந்தால், தரையை விட்டு எழுந்த கணமே பட்டம் சுழலத் தொடங்கும். அப்போது பாரோடு போராடாதீர்கள். குயிக் ரிலீஸை (பட்டத்தின் இழுவையிலிருந்து உடனே விடுவிக்கும் பூட்டை) உடனே தள்ளுங்கள். பட்டம் ஒற்றை முன் கயிற்றில் துவண்டு விழும். அப்போதும் இழுத்தால் லீஷையும் (உங்களைப் பட்டத்தோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிற்றையும்) கழற்றிவிடுங்கள். பட்டம் போனால் போகட்டும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. மறுபடி காற்று பிடித்தால் அது விரலைத் துண்டிக்கும்.

குயிக் ரிலீஸில் மணலும் உப்பும் இறுகியிருந்தால் அவசரத்தில் நகராது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இறங்கும் முன் கரையிலேயே ஒருமுறை தள்ளிக் கழற்றி, மறுபடி பூட்டிப் பாருங்கள்.