பழைய சமையலறையைக் குறைந்த செலவில் நாமே புதுப்பிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

அலமாரிகள் பழசு, டைல்ஸ் மங்கிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுப் புதிதாகச் செய்யக் கையில் பணமில்லை. கேள்வியின் சாரம் இதுதானே? தாராளமாக முடியும். ஒரே நிபந்தனை: பாத்திரம் கழுவும் தொட்டி, கழிவுநீர்க் குழாய், அடுப்புக்கு வரும் கேஸ் லைன் மூன்றும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தொட்டியை இரண்டடி நகர்த்தினாலும் சுவரைக் கொத்தி, குழாயை நீட்டி, பூசி, டைல் ஒட்ட வேண்டிவரும். நீட்டிய குழாய்க்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வாட்டம் (சரிவு) கிடைக்காவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அடியில் படிந்து அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

பணத்தை அசைகிற பாகங்களிலும் நனைகிற இடங்களிலும் போடுங்கள். கீல், சானல் (டிராயர் ஓடும் தண்டவாளம்), குழாய் ஒரு பக்கம். தொட்டிக்கு அடிப்பகுதி, மேடையும் சுவரும் சேரும் மூலை இன்னொரு பக்கம். மற்றதெல்லாம் பார்வைக்குத்தான், அதை மலிவாகவே முடிக்கலாம்.

முதலில் அலமாரிகளைக் காலி செய்து, தொட்டிக்கு அடியில் உள்ள பலகையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மரத்தூளையோ நாரையோ பசைபோட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டோ எம்.டி.எஃப்.போ ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய வலு திரும்பாது. உள்ளே பசை விட்டுப்போயிருக்கும், ஸ்க்ரூ பிடிக்காது. அந்தப் பலகையை மட்டும் நீரைத் தாங்கும் மரைன் பிளையில் மாற்றினால் போதும். வெட்டிய விளிம்புகளில் இரண்டு கோட் பிரைமராவது அடியுங்கள், தண்ணீர் இறங்குவது விளிம்பு வழியாகத்தான். மற்ற பெட்டிகளின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். 2, 3 மி.மீ. வித்தியாசத்தைக் கீலைத் திருகிச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் பின்பலகையைக் கழற்றி, பெட்டியை நேராக்கி மறுபடி அடிக்க வேண்டும்.

பழைய ஷட்டர்களுக்கு, அதாவது அலமாரிக் கதவுகளுக்கு, பெயின்ட் அடிப்பதுதான் குறைந்த செலவு. அதிகம் கெட்டுப்போவதும் அதில்தான். கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் விட்ட எண்ணெய்தான் காரணம். ஷட்டரைக் கழற்றி எண்ணிட்டு, வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அதன்பிறகுதான் 150 ஆம் எண் உப்புத்தாள். எண்ணெயோடு தேய்த்தால் அதை மரத்துக்குள் அழுத்துவதாகத்தான் ஆகும். மைக்கா ஒட்டிய ஷட்டர் என்றால் வழவழப்பான பரப்பில் பிடிக்கும் தனிவகை பிரைமர் வேண்டும். சாதாரண மர பிரைமர் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். பிரைமர் காய்ந்ததும் 220 ஆம் எண்ணால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்து, நான்கங்குல ஃபோம் ரோலரால் மெல்லிய இரண்டு கோட். வெள்ளை நிறமென்றால் எண்ணெய் எனாமலைத் தவிருங்கள், வெளிச்சம் படாத இடத்தில் சீக்கிரம் மஞ்சளாகும். நீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் நல்லது. சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை சோப்புத் துணியால் துடைக்க வேண்டாம். மிகப் பழைய வீடென்றால் அடியிலுள்ள பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உலர்வாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள்.

ஆட்டோ கீல் (ஷட்டருக்குப் பின்னால் மறைந்து, தானாக மூடும் கீல்) மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கீலின் வட்டக் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை, 12 முதல் 13 மி.மீ. ஆழம். 18 மி.மீ. பலகையில் மிச்சம் ஐந்து மி.மீ.தான் என்பதால் டிரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிட்டின் நடுமுனை முகப்பில் எட்டிப் பார்க்கும். துளையின் மையம் ஷட்டர் விளிம்பிலிருந்து சுமார் 22 மி.மீ., மேலும் கீழும் முனையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி. 90 செ.மீ. உயரம் வரை இரண்டு கீல், அதற்கு மேல் மூன்று. வாங்கும்போது வகையைச் சொல்லி வாங்குங்கள்: பக்கப்பலகையை முழுதாக மூடும் ஷட்டருக்கு ஒன்று, ஒரே நடுப்பலகையில் இரண்டு ஷட்டர் சேர்ந்தால் பாதி மூடும் வகை, பெட்டிக்குள் அடங்கும் ஷட்டருக்கு இன்னொன்று. வகை மாறினால் எவ்வளவு திருகினாலும் ஷட்டர் உட்காராது.

கீழ் அலமாரியில் குனிந்து தேடுவது சலித்துப்போயிருந்தால் ஒரு பெட்டியையாவது இழுப்பறையாக மாற்றுங்கள். டெலஸ்கோப்பிக் சானலுக்குப் பக்கத்துக்கு சுமார் 12.7 மி.மீ. இடம் வேண்டும். ஆகவே பெட்டியின் உள் அகலத்தில் 25 அல்லது 26 மி.மீ. கழித்ததுதான் டிராயரின் வெளி அகலம். உள் அகலம் 500 என்றால் டிராயர் 474. இரண்டு மி.மீ. பெரிதானால் இறுகும்; மூன்று நான்கு மி.மீ. சிறிதானால் சானலின் குண்டுகள் நழுவும். சிறிதாகச் செய்துவிட்டால் மெல்லிய பலகைத் துண்டைச் சானலுக்குப் பின்னால் கொடுத்துச் சமாளிக்கலாம், பெரிதாகிவிட்டால் இழைக்கத்தான் வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் சிறிய பக்கம் சாயுங்கள். மூலையில் இரு பக்கத்துப் பெட்டிகளும் சேரும் இடத்தில் 3 முதல் 5 செ.மீ. பட்டையொன்று விடுங்கள், இல்லையேல் பக்கத்து அலமாரியின் கைப்பிடியில் டிராயர் முட்டும்.

சுவர் டைல்ஸைப் பெயர்க்காமல் மேலேயே ஒட்டலாம், பழையது கெட்டியாக இருந்தால். ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வருபவற்றை எடுத்துவிட்டு, குழியைச் சாந்தால் நிரப்பிக் காயவிடுங்கள். பத்தில் இரண்டு மூன்று அப்படியென்றால் மொத்தமாகப் பெயர்ப்பதே மேல். பழைய பளபளப்பை உப்புத்தாள் அல்லது கிரைண்டரால் கரகரப்பாக்கி, பாலிமர் கலந்த டைல் பசையை 6 மி.மீ. பல் கரணையால் இழுங்கள். விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமென்ட் பாலில் நிற்காது. 20 கிலோ மூட்டை மூன்று மி.மீ. தடிமனில் நான்கைந்து சதுர மீட்டருக்கு வரும். ஒட்டிய முதல் டைலைப் பிடுங்கிப் பாருங்கள். பின்புறம் முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். சுவர் இதனால் ஒரு செ.மீ. வெளியே வரும். சுவிட்ச் பெட்டிக்கு நீளமான ஸ்க்ரூவும், சுவர்க் குழாய்க்கு எக்ஸ்டென்ஷன் துண்டும் முன்பே வாங்கி வையுங்கள். பலரும் இதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் அலைகிறார்கள். மறுநாள் கிரௌட், அதாவது டைல் இடைவெளிகளை நிரப்பும் பூச்சு. அடுப்புக்குப் பின்னால் மட்டும் எபாக்ஸி கிரௌட் போட்டால் எண்ணெய்க் கறை ஊறாது. மேடையும் சுவரும் சேரும் கோட்டில் கிரௌட் வேண்டாம். அங்கே அசைவு இருக்கும், விரிசல் விட்டு நீர் இறங்கும். இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டுப் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போடுங்கள்.

மேடைக்கல் உடையாமல் இருந்தால் பாலிஷ் போட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளலாம். மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை வைப்பதானால் முன் விளிம்பை ஒட்டி. சுவர்ப் பக்கம் வைத்தால் வெளிச்சம் டைலுக்குத்தான்.

புதிய மின்னிணைப்பும் கேஸ் லைனும் உரிமம் உள்ளவர் கையில்தான். ஓவன் மாதிரிக் கனமான சாதனத்துக்குத் தனி லைனும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பானும் (ஆர்.சி.சி.பி.) கேட்டு வாங்குங்கள். அந்த வேலை டைல் ஒட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். அதற்குப்பின் கூரைப் பெயின்ட், டைல், பெட்டி, கடைசியாக ஷட்டர்.

தொட்டியை மாட்டியதும் குழாயைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. சிலிக்கான் ஒருநாள் காய்ந்தபின், தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கிக் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் ஸ்பானர் போட்டால் நட்டு பிளந்துவிடும். அப்படியும் கசிந்தால் உள்ளே வாஷர் கோணலாக இருக்கும், கழற்றி மாட்டுங்கள்.